வேலை, வீடு, வீடியோ கேம்: எந்த நேரத்தில் விளையாடுவது?

முப்பதைத் தாண்டிய கேம் பிரியர்கள் இரண்டு பேர் பேச உட்கார்ந்தால், எதில் ஆரம்பித்தாலும் பேச்சு ஓர் இடத்தில் வந்து நிற்கும். "வாங்கி வச்ச கேம் எல்லாம் அப்படியே கிடக்குது. நேரமே இல்ல. நீ எப்படிச் சமாளிக்கிற?" ஒருவர் வீடு தூங்கியபின் விளையாடிவிட்டு மறுநாள் மீட்டிங்கில் கொட்டாவி விடுகிறார். இன்னொருவர் விடிவதற்கு முன் எழுகிறார். மூன்றாமவர் டிவியில் மாட்டி விளையாடும் கன்சோலையே விற்றுத் தொலைத்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வழிகள் எல்லாவற்றையும் நான் ஏதோ ஒரு காலத்தில் முயன்று பார்த்தவன். கன்சோலை விற்றதும் உண்டு. பதினோரு மாதம் கழித்து அதே மாடலைத் திரும்ப வாங்கியதும் உண்டு. அந்தப் பட்டறிவோடு இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கிறேன். துணை, குழந்தை, வயதான பெற்றோர், மேலதிகாரி என்று யாராவது உங்கள் நேரத்தில் பங்கு கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நிலையில் இருப்பவர் தூக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்வது மணிக்கணக்கைத்தான். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் சரியா, பத்து அதிகமா என்று. நானும் அப்படித்தான் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டிருந்தேன்.

2022இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுமார் 39,000 பேர், ஏழு கேம்கள், ஆறு வாரம். விளையாடுபவர்கள் வாய்ச்சொல்லாகச் சொன்ன கணக்கை நம்பாமல், கேம் நிறுவனங்களிடமிருந்தே நேரப் பதிவைப் பெற்றிருந்தார்கள். விளையாடும் நேரம் கூடியதாலோ குறைந்ததாலோ மனநலத்தில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் எதுவும் தெரியவில்லை. பிடித்து விளையாடுகிறார்களா, விளையாடியே ஆகவேண்டும் என்ற உந்துதலில் விளையாடுகிறார்களா என்பதற்குத்தான் மனநலத்தோடு கூடுதல் தொடர்பு தெரிந்தது.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "இது விளையாடறவங்க மனநலம்தானே? பக்கத்துல இருக்கறவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" அப்புறம் அவள் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே அடிப்படை. "நீங்க விளையாடறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. எப்ப முடியும்னு தெரியாமக் காத்திருக்கறதுதான் கஷ்டம்."

ஆகவே என் முதல் அளவுகோல் இது: நிறுத்தும் உரிமை யார் கையில் இருக்கிறது? குழந்தை அழுதால், அலுவலக போன் வந்தால், அந்த நொடியில் எழுந்திருக்க முடிகிறதா? கேம் அனுமதிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

இரண்டாவது, செலவு யார் கணக்கில் விழுகிறது? விளையாடும் இரண்டு மணி நேரம் சும்மா முளைத்து வருவதில்லை. உங்கள் தூக்கத்திலிருந்து வரலாம், துணையின் ஓய்விலிருந்து வரலாம், மறுநாள் அலுவலக வேலையிலிருந்தும் வரலாம்.

மூன்றாவது, கேமின் சுவை மிஞ்சுகிறதா? எல்லாப் பொறுப்பையும் ஒழுங்காக முடித்துவிட்டு, துண்டு துண்டாக, கதை மறந்து, அரைத்தூக்கத்தில் விளையாடுவதில் என்ன இருக்கிறது? பொறுப்பைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த அளவுகோலைக் கண்டுகொள்வதே இல்லை. இதை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் வெறும் கட்டுப்பாடாகிவிடும், ஒரு மாதம்கூடத் தாங்காது.

பணம் நான்காவது. அதைக் கடைசியில் தனியாகப் பார்க்கலாம்.

## நேரத்துக்கு முன், கேம்

எந்த நேரத்தில் விளையாடுவது என்ற கேள்விக்கு, எந்த கேம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. தமிழில் எழுதும்போது ஒரு வேடிக்கை உண்டு. நிறுத்திவைக்கும் பட்டனும் பாஸ், கடைசியில் வரும் வில்லனும் பாஸ், காசு கட்டி வாங்கும் சீசன் சீட்டும் பாஸ். மூன்றுமாகச் சேர்ந்துதான் நாம் எத்தனை மணிக்கு எழுந்திருப்போம் என்பதைத் தீர்மானிக்கின்றன.

பலர் விளையாடும் சில கேம்களை முதல் அளவுகோலில் வைத்துப் பார்த்தால்:

| கேம் | ஒரு சுற்றின் நீளம் | நடுவில் எழுந்தால் |
|---|---|---|
| ஹேடீஸ் (2020) | 20 முதல் 40 நிமிடம் | எப்போதும் வெளியேறலாம். அதே அறையின் தொடக்கத்திலிருந்து தொடரும் |
| சிவிலைசேஷன் 6 (2016) | முழு ஆட்டம் 10 மணி நேரத்தைத் தாண்டும்; ஒரு டர்ன் (நம் முறை) சில நிமிடம் | எந்த டர்னிலும் சேவ் செய்யலாம் |
| ஸ்டார்டியூ வேலி (2016) | கேமில் ஒரு நாள், சுமார் 14 நிமிடம் | மெனுவைத் திறந்தால் கடிகாரம் நிற்கும். கணினியிலும் கன்சோலிலும் படுக்கப் போனால்தான் சேவ் ஆகும் |
| எல்டன் ரிங் (2022) | சுற்று என்று எதுவும் இல்லை | வழக்கமான நிறுத்தப் பட்டன் இல்லை. வெளியேறினால் ஏறக்குறைய நின்ற இடத்திலிருந்து தொடரலாம் |
| ராக்கெட் லீக் (2015) | 5 நிமிடக் கடிகாரம், சமநிலை என்றால் கூடுதல் நேரம் | நிறுத்த முடியாது. தரவரிசை ஆட்டத்தில் பாதியில் போனால் தற்காலிகத் தடை |
| கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 (2023) | 13 ரவுண்டு வெல்லும்வரை, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கு மேல் | பாதியில் போனால் தற்காலிகத் தடை |
| டோட்டா 2 (2013) | 30 முதல் 50 நிமிடம், சில சமயம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் | நிறுத்தலாம், ஆனால் எதிரணியும் அதை நீக்கலாம். 5 நிமிடம் தொடர்பில் இல்லையென்றால் கைவிட்டதாகக் கணக்கு |

மேலிருந்து கீழே வர வர நிறுத்தும் உரிமை உங்கள் கையை விட்டுப் போவதைப் பாருங்கள். ஹேடீஸில் எதிரே இருப்பது நிரல். அது எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும். டோட்டாவில் உங்களோடு ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு இருமிக்கொண்டே எழுந்துவிட்டாள். மனைவி கூப்பிட்டாள். "இதோ, ரெண்டு நிமிஷம்" என்றேன். பொய் சொல்லும் எண்ணமெல்லாம் இல்லை. ஆனால் டோட்டாவில் இரண்டு நிமிடம் என்ற ஒன்றே கிடையாது. அந்த ஆட்டம் இன்னும் இருபத்தைந்து நிமிடம் ஓடியது. எழுந்துபோனபோது இருமல் நின்று மகள் தூங்கிவிட்டாள், மனைவி தூங்கவில்லை. ஆட்டத்திலும் தோற்றிருந்தோம்.

## வழி 1: வீடு தூங்கியபின்

பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுக்கும் வழி இது. தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைவிட வழுக்கி விழுகிறார்கள் என்று சொல்வது பொருத்தம். நாளெல்லாம் பிறருக்காக ஓடியாயிற்று, இந்த நேரமாவது என்னுடையது என்ற நினைப்பு. சீன மொழியில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு. பழிவாங்கும் கண்விழிப்பு என்று பொருள் வரும். பகலில் பறிபோன நேரத்துக்காக இரவைப் பழிவாங்குவது.

இதன் நல்ல பக்கம் உண்மையிலேயே பெரியது. யாரும் கூப்பிடமாட்டார்கள். ஹெட்போன் மாட்டினால் கேமின் உலகம் முழுதாக உங்களைச் சூழ்ந்துகொள்ளும். திகில் கேம், கதை கேம் இரண்டுக்கும் இதைவிட நல்ல நேரம் இல்லை. சுவை என்ற அளவுகோலில் முதல் ஒரு மணி நேரத்துக்கு முழு மதிப்பெண். அதற்கப்புறம் கண் எரியும், கை தானாக ஓடும், என்ன நடந்தது என்று மறுநாள் நினைவிருக்காது.

யாரும் கூப்பிடாததுதான் இதன் ஆபத்தும். நிறுத்தும் உரிமை பெயரளவில் முழுக்க உங்களிடம் இருக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டிய ஆள் களைத்துப்போயிருக்கிறார். "இன்னும் ஒரே ஒரு டர்ன்" என்று சிவிலைசேஷன் ரசிகர்கள் தங்களையே கிண்டல் செய்துகொள்வது சும்மா இல்லை. எந்த டர்னிலும் நிறுத்தலாம் என்ற வசதியே, எந்த டர்னிலும் நிறுத்தாமல் போவதற்கு வழிசெய்கிறது. தரவரிசை ஆட்டமாக இருந்தால் இன்னும் மோசம். தோற்றுவிட்டுப் படுக்கப் போக யாருக்கும் மனம் வராது.

கணக்கையும் பார்த்துவிடலாம். பெரியவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பதினொன்றுக்குப் படுத்து ஆறுக்கு எழுபவர், ஒரு மணி வரை விளையாடினால் ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறார். வாரம் நான்கு இரவு என்றால் எட்டு மணி நேரம் கேமுக்குக் கிடைத்தது, எட்டு மணி நேரத் தூக்கம் போயிற்று. வாரத்துக்கு ஓர் இரவு முழுக்கத் தூங்காததற்குச் சமம். இதை உங்கள் சொந்தச் செலவு என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் காலையில் காலுறை கிடைக்கவில்லை என்று சிணுங்கும் குழந்தையிடம் எரிந்துவிழும்போது, அந்தக் கடனைக் குழந்தைதான் கட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு, அதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன். குழந்தைகள் தூங்கியபின் கிடைக்கும் அந்த நேரம், துணையோடு பேசக் கிடைக்கும் ஒரே நேரமாகவும் இருக்கலாம். தினமும் அதை கேமுக்குக் கொடுத்தால் சண்டை வராது. பேச்சுதான் நின்றுபோகும்.

யாருக்கு ஏற்றது: மறுநாள் காலை தாமதமாகத் தொடங்கும் வேலையில் இருப்பவர்களுக்கு, வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு இரவு என்று நாள் குறித்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு. குறித்துக்கொண்டாலும், முடிக்கும் நேரத்தைவிடக் கடைசியாகத் தொடங்கும் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றரைக்குப் படுக்க வேண்டும், உங்கள் கேமின் மிக நீண்ட ஆட்டம் ஐம்பது நிமிடம் என்றால், பத்து நாற்பதுக்குப் பிறகு புது ஆட்டம் தொடங்கக் கூடாது. "பதினொன்றரைக்கு நிறுத்திவிடுவேன்" என்ற உறுதிமொழி என்னிடம் ஒருமுறையும் வேலை செய்ததில்லை. இது வேலை செய்கிறது.

## வழி 2: விடிவதற்கு முன்

கேட்டாலே சலிப்பாக இருக்கும் யோசனை. ஆனால் அளவுகோல்களில் எதிர்பாராத மதிப்பெண் வாங்கும். இங்கே நிறுத்துவதற்கு உங்கள் மன உறுதியே தேவையில்லை. ஆறரைக்கு வீடு எழுந்துவிடும், ஆட்டம் முடிந்தது. தெளிந்த மூளையோடு விளையாடுவதால், இரவில் ஒரு மணி நேரம் முட்டிமோதித் தோற்ற பாஸை, காலையில் மூன்றாவது முயற்சியில் வீழ்த்திய அனுபவம் எனக்குப் பலமுறை உண்டு.

மறைமுகச் செலவு: இரவு ஒன்பதரைக்கே படுக்க வேண்டும். துணையோடு பேசும் நேரத்தை வழி 1 தின்றதைப் போல இதுவும் தின்னும், வேறு பக்கத்திலிருந்து. நண்பர்களோடு விளையாட முடியாது, அவர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு விதியும் உண்டு. நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்தாலும் குழந்தை அதற்குப் பத்து நிமிடம் கழித்து எழுந்துவிடும்.

தனியாள் கேம் விளையாடுகிறவர், இயல்பிலேயே சீக்கிரம் விழிப்பவர் என்றால் வேறு வழியைத் தேடவே வேண்டாம். இயல்பில் இல்லாதவர் வைராக்கியத்தில் தொடங்கினால் இரண்டு வாரம்.

## வழி 3: கையடக்கக் கருவி, தினம் அரை மணி

2017இல் நின்டென்டோ ஸ்விட்ச் வந்தது. 2022இல் ஸ்டீம் டெக் வந்தது. பெற்றோர்களுக்கு இவை செய்த உபகாரம் படத்தரத்திலோ வேகத்திலோ இல்லை. உறக்கப் பட்டனில் இருக்கிறது. சண்டையின் நடுவில் வாளை ஓங்கிய நிலையில் பட்டனை அழுத்திக் கீழே வைக்கலாம். மறுநாள் எடுத்தால் வாள் அதே இடத்தில் ஓங்கியபடி நிற்கும். எல்டன் ரிங் போன்ற, நிறுத்தவே விடாத கேமைக்கூட ஸ்டீம் டெக்கில் இப்படி உறைய வைக்கலாம். 2020இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களிலும் பல கேம்களை விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உண்டு. ஆக, மேலே உள்ள அட்டவணையின் மூன்றாவது பத்தியை ஓரளவுக்குக் காசு கொடுத்து மாற்றி எழுதலாம். இணையத்தில் மற்றவர்களோடு விளையாடும் கேமில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. கருவி தூங்கியதும் தொடர்பு அறுந்துவிடும்.

நிறுத்தும் உரிமையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில், மருத்துவமனை வரிசையில், மற்றவர்கள் டிவி பார்க்கும் அறையில், எல்லா இடத்திலும் பொருந்தும்.

அங்கேதான் சிக்கலும். எல்லா இடத்திலும் பொருந்துவதால் எல்லா இடத்துக்கும் வந்துவிடும். தினம் அரை மணி என்று வாங்கிய கருவி, ஆறு பத்து நிமிடங்களாகவும் நான்கு பதினைந்து நிமிடங்களாகவும் நாள் முழுக்கச் சிதறிவிடும். ஆள் சோபாவில் குடும்பத்தோடுதான் இருப்பார், கேட்ட கேள்விக்குப் பதில்தான் வராது. என்னைப் பொறுத்தவரை, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் விளையாடுவது இதைவிட நேர்மையானது. கதவு சாத்தியிருந்தால் நீங்கள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

சுவையும் கேமைப் பொறுத்தது. ஹேடீஸ், ஸ்லே தி ஸ்பயர், புதிர் கேம்கள் எல்லாம் துண்டு நேரத்துக்கே பிறந்தவை. நூறு மணி நேரக் கதை கேமை அரை அரை மணியாக விளையாடுவது, ஒரு நாவலைத் தினம் இரண்டு பக்கம் படிப்பது மாதிரி. முடிக்கலாம், ஆனால் முன்னால் வந்த பாத்திரம் யார் என்று கேட்கக் கூடாது.

அரை மணி என்று சொல்லும்போது போனில் ஓடும் தினசரி கேம்களை இதே கணக்கில் சேர்க்கப் பலருக்கு ஆசை இருக்கும். கவனம் தேவை. கென்ஷின் இம்பாக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசுகளைத் திறக்கத் தேவையான ரெசின் 8 நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஊறும், 200 ஆனதும் நின்றுவிடும். 200 நிரம்ப 26 மணி 40 நிமிடம் ஆகும். அதாவது ஒரு நாள் வராவிட்டால் ஊறுவது வீணாகத் தொடங்கும். தினம் இருபது நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த இருபது நிமிடத்துக்கு விடுமுறை கிடையாது. காய்ச்சல் வந்தாலும், உறவினர் வீட்டுக்குப் போனாலும் வருகைப் பதிவு உண்டு. ஏற்கெனவே ஓர் அலுவலகத்தில் வருகைப் பதிவு வைத்திருப்பவருக்கு இரண்டாவது அலுவலகம் எதற்கு?

## வழி 4: வாரத்தில் ஒரு நீண்ட அமர்வு

விடுமுறை நாளில் மூன்று நான்கு மணி நேரத்தை மொத்தமாக ஒதுக்குவது. கதை கேம் பிரியர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். உலகத்துக்குள் இறங்கி, ஊறி, வெளியே வர இதில்தான் இடம் இருக்கிறது.

ஆனால் இது பேரம். உங்களுக்கு நான்கு மணி நேரம் கிடைக்கிறது என்றால், வீட்டில் இன்னொருவர் அந்த நான்கு மணி நேரமும் குழந்தையையும் வீட்டையும் தனியாகச் சுமக்கிறார். திருப்பிக் கொடுத்தாக வேண்டும், அதே அளவுக்கு, அதே தரத்தில். அவர் வெளியே போயிருக்கும்போது போன் செய்து "டயப்பர் எங்க இருக்கு?" என்று கேட்டால் அது திருப்பிக் கொடுத்ததாகாது. நாங்கள் சனிக்கிழமை மதியம் எனக்கு, ஞாயிறு மதியம் அவளுக்கு என்று பிரித்துக்கொண்டோம். சில வாரம் எனது ரத்தாகும், சில வாரம் அவளுடையது ரத்தாகும். ரத்தான வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். விட்சர் 3 கேமின் மையக் கதை மட்டும் ஐம்பது மணி நேரம் போல ஆகும். வாரம் நான்கு மணி நேரம் என்றால் பன்னிரண்டு, பதிமூன்று வாரம். பெர்சோனா 5 நூறு மணி நேரத்தைத் தொடும்; அது அரை வருடம். வருடத்துக்கு இரண்டு மூன்று பெரிய கேம், அவ்வளவுதான். இதை ஏற்றுக்கொண்டால் தள்ளுபடி விற்பனையைப் பார்த்துக் கை அரிப்பது தானாகக் குறையும்.

ஏழு நாள் இடைவெளியில் எங்கே நின்றோம், எந்தப் பட்டன் எதற்கு என்பதெல்லாம் மறந்துபோகும். கேமை மூடுமுன் போனில் ஒரு வரி எழுதிவையுங்கள்: "பாலத்துக்கு வடக்கே, கொல்லனைப் பார்க்கணும், பச்சை வாள் விற்காதே." என் பழைய குறிப்புகளைப் பார்த்தால் பைத்தியக்காரன் நாட்குறிப்பு மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் இருபது நிமிடத்தை மிச்சப்படுத்துகிறது. இன்னொன்று, கன்சோலை ஓய்வு நிலையில் விட்டுத் தானியங்கிப் பதிவிறக்கத்தை இயக்கிவையுங்கள். ஒரு வாரம் காத்திருந்து உட்கார்ந்தால் திரையில் அப்டேட் கோடு மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே முதல் நாற்பது நிமிடத்தைக் கழிப்பது ரொம்பக் கொடுமை.

## வழி 5: நண்பர்களோடு, குறித்த நாளில்

வாரத்தில் ஓர் இரவு, பழைய நண்பர்கள், ஒரே கேம், குரல் அழைப்பு. வேலை மாறி, ஊர் மாறிச் சிதறிய நட்புகள் பல இப்படித்தான் உயிரோடு இருக்கின்றன. எங்கள் கூட்டத்தில் கேமில் நடப்பது பாதி, மற்றது யார் வீட்டில் என்ன நடக்கிறது என்ற பேச்சு. இதை கேம் நேரம் என்று எழுதுவதா, நட்பு நேரம் என்று எழுதுவதா என்றே தெரியாது.

நிறுத்தும் உரிமை இங்கே ஐந்தாறு பேருக்குள் பங்காகிவிடுகிறது. அதனால் வீட்டுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: இந்த நாள், இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை. காத்திருப்பவருக்கு முடியும் நேரம் தெரிகிறது என்பதால், நிறுத்த முடியாத கேமைக்கூட இந்த வழியில் விளையாடலாம். அட்டவணையின் கீழ்வரிசை கேம்களை நான் இப்போது இந்த ஒரு நாளில் மட்டும்தான் தொடுகிறேன்.

ஓர் ஆள் வராவிட்டால் எல்லோருக்கும் கெட்டுப்போகும் ஏற்பாட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 2004இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தபோது அதன் பெரிய ரெய்டுகளுக்கு, அதாவது கூட்டமாகச் சேர்ந்து பெரிய எதிரிகளை வீழ்த்தும் ஆட்டங்களுக்கு, 40 பேர் கூட வேண்டியிருந்தது. இன்று அதன் இடைநிலை ரெய்டுகளில் 10 முதல் 30 பேர் வரை எத்தனை பேர் வந்தாலும் அதற்கேற்பக் கடினம் மாறிக்கொள்கிறது. உச்சநிலையில் மட்டும்தான் சரியாக 20 பேர் வேண்டும். அந்த இருபதில் ஒருவராக இருப்பது கிட்டத்தட்ட பகுதிநேர வேலை, பயிற்சி நாட்களும் சேர்த்து. நான்கு பேர் வந்தாலும் ஓடும், மூன்று பேர் வந்தாலும் ஓடும் என்ற கேமைத் தேர்ந்தெடுத்தால், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத நாளில் "நான் வரல" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளலாம்.

## வழி 6: மூட்டை கட்டி வைப்பது

சில காலங்களில் இதுதான் சரி. குழந்தை பிறந்த முதல் சில மாதங்கள், பரீட்சை, வீட்டில் பெரிய நோய். அப்போதும் விற்காதீர்கள், வயரைப் பிடுங்கி அலமாரியில் வையுங்கள். நான் விற்றபோது பாதி விலைகூடக் கிடைக்கவில்லை. அதைவிட, மிச்சமான நேரத்தில் உருப்படியாக ஏதாவது செய்வேன் என்று நினைத்ததுதான் பெரிய நஷ்டம். அந்த நேரம் முழுக்கப் போனில் விரலைத் தேய்ப்பதில் போயிற்று. வீட்டுக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை.

வேறொரு நிலையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாவது பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் கேமிங் கோளாறு ஒரு நோயாக இடம்பெற்றிருக்கிறது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றையும் விட அது முந்திக்கொள்வது, பாதிப்பு கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது. இவை வேலையையோ உறவையோ கடுமையாகக் குலைக்கும் அளவுக்கு, பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். வாரக் கடைசியில் கொஞ்சம் அதிகமாக விளையாடியதற்கு வீட்டில் கிடைக்கும் "அடிமை" பட்டம் வேறு, இது வேறு. ஆனால் மேலே சொன்ன மூன்றும் உங்களுக்குப் பொருந்துகிறது என்றால், இந்த ஒப்பீட்டை மூடிவைத்துவிட்டு மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்.

## பணக் கணக்கு

சுருக்கமாக. ஒரு பட்டியலில் உள்ள கேம்களையெல்லாம் விளையாடத் தரும் மாதச் சந்தா, மாணவனுக்கு லாபம், நேரமில்லாதவருக்கு நஷ்டம். வாரம் நான்கு மணி நேரம் விளையாடுகிறவர் ஒரு பெரிய கேமை முடிக்குமுன் நான்கைந்து மாதச் சந்தா கட்டியிருப்பார். அதற்குள் அந்த கேமே பட்டியலிலிருந்து நீங்கிவிடவும் கூடும். சின்ன கேம்களை மாற்றி மாற்றிச் சுவைப்பவருக்கு மட்டும் சந்தா சரிப்படும். மற்றவர்கள் ஒரு கேமை வாங்குங்கள், முடியுங்கள், பிறகு அடுத்தது.

ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு இடிக்கும் எண் இரண்டல்ல, பதினான்கு. தள்ளுபடியில் வாங்கி, மூன்று வாரம் கழித்துத் திறந்து, பத்து நிமிடத்தில் பிடிக்காமல் மூடிய கேம்கள் என்னிடம் ஏழெட்டு இருக்கின்றன. எந்த வாரம் விளையாடப் போகிறீர்களோ அந்த வாரம் வாங்குங்கள். சீசன் பாஸுக்கும் இதே கதை; பத்து வாரத்துக்குள் முடிக்க வேண்டிய வீட்டுப்பாடத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று ஒருமுறை யோசித்துவிட்டு வாங்குங்கள்.

## நான் என்ன செய்கிறேன்

மகளுக்கு இப்போது ஏழு வயது. சனிக்கிழமை மதியம் கதை கேம், புதன் இரவு நண்பர்கள், இவ்வளவுதான். மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் மூன்றாவது வழிதான் எங்களைக் காப்பாற்றியது. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இன்றும் அதையே சொல்வேன், சோபாவில் குடும்பம் கூடியிருக்கும்போது எடுப்பதில்லை என்ற நிபந்தனையோடு. ஷிஃப்ட் வேலை செய்பவர்களுக்கு நாள் குறிப்பதே முடியாத காரியம். அவர்கள் எந்த நேரம் என்று தேடுவதை விட்டுவிட்டு, அட்டவணையின் மேல்வரிசை கேம்களிலேயே தங்கிவிடுவது நல்லது. அடுத்த மாதம் என் அம்மா எங்களோடு தங்க வருகிறார். சனிக்கிழமை மதியம் டிவி அவருடையதாகிவிடும். கையடக்கக் கருவியைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன்.